காய்ச்சலுக்கு இரண்டு நாள்

அக்காவின் சளி எங்கள் லேபுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பா, அதன்மேல் ரப்பர் பேண்டில் செருகிய படிவம். பெயர், வயது, வார்டு எண் எல்லாம் சரியாக இருந்தன. படிவத்தில் ‘நோய் விவரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் யாரோ அவசரமாக ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள். காய்ச்சல்.

அங்கே இருந்திருக்க வேண்டியது வேறு. பதினான்கு மாதங்களுக்கு முன் அக்காவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவர் அத்தான், அவள் கணவர். உடம்பு அதை வெளியாள் என்று விரட்டாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கும் மாத்திரைகளை அவள் காலையிலும் மாலையிலும் மணி பார்த்து விழுங்குகிறாள். அத்தான் இதை இப்படிச் சொல்வார்: “விருந்தாளிய அடிச்சுடக் கூடாதுன்னு வாட்ச்மேனுக்குத் தூக்க மாத்திரை குடுத்து வெச்சிருக்கோம். திருடன் வந்தாலும் அவன் தூங்கிட்டுத்தான் இருப்பான்.”

எங்கள் லேபில் ஒரு வழக்கம். சாதாரண நோயாளியின் சளியில் டி.பி.க்கு ஒரு ஸ்லைடு போட்டு, வளர்ப்புத் தட்டில் தடவி இரண்டு நாள் பார்ப்போம். வேண்டாத கிருமி எதுவும் முளைக்காவிட்டால் தட்டு குப்பைக்குப் போகும். உறுப்பு மாற்றியவர் என்றால் பதினான்கு நாள் வைத்திருப்போம். வலு குறைந்த அமிலத்தில் கழுவி இன்னொரு ஸ்லைடும் போடுவோம். மெதுவாக வளரும் கிருமிகள் சில, நல்ல உடம்பை அண்டாமல் இவர்களைத்தான் பிடிக்கும். எந்தச் சளிக்கு எத்தனை நாள் என்பதை அந்தக் கட்டத்தில் இருக்கும் சொல்தான் முடிவு செய்யும்.

இது எனக்குத் தெரியும். கோட்டுப் பையில் பேனாவும் இருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரர்களின் மாதிரியில் ஊழியர் கை வைக்கக் கூடாது, படிவத்தில் எதையும் சேர்க்கக் கூடாது. அதனால் டப்பாவைக் கிருமி வளர்ப்பு மேசையில் வைத்துவிட்டு என் சிறுநீர்ப் பரிசோதனை மேசைக்குத் திரும்பினேன். ‘அது என் அக்கா, அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம்’ என்று வாயால் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் அந்த மேசையில் நாற்பத்தெட்டு உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்தெட்டு என்பது எங்கள் தலைமை டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர். நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்த தட்டு அடுத்த நிமிடம் மேசையில் இருக்காது. யாராவது இழுத்தால், “இது லேபா, செடி விக்கிற கடையா? முளைக்காததுக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டு நிக்கறியா?” என்பார். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம் ‘சரி மேடம்’தான்.

புதன்கிழமை மாலை வளர்ப்புத் தட்டின் ரிப்போர்ட் போனது. சாதாரணக் கிருமிகள் மட்டும்.

வியாழன் மதிய இடைவேளையில் வார்டுக்குப் போனேன். சிறுநீரக வார்டில் இடமில்லை என்று அக்காவை நெஞ்சு நோய் வார்டில் போட்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இளைத்திருந்தாள். மணிக்கட்டில் நோயாளிப் பட்டை முழங்கை வரை ஏறி இறங்கியது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம ஆளு எப்படி இருக்கான்?” என்று அவள் அடிவயிற்றின் வலது பக்கத்தைக் காட்டிக் கேட்டார்.

“உங்க ஆளு ராஜா மாதிரி இருக்கான். அவனுக்கு எடம் குடுத்த நான்தான் இருமியே சாகறேன்.”

“அவனை ஒண்ணும் சொல்லாத. எங்கிட்ட இருந்தவரைக்கும் சமத்துப் பையன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “வா பூச்சி.” வாயில்லாப் பூச்சி என்பதைச் சின்ன வயதிலேயே பூச்சி என்று சுருக்கிவிட்டாள். “உன் லேப்ல என்னமோ சாதாரணம்னு எழுதியிருக்காங்களாமே? அப்போ நான் சாதாரணமாத்தான் இருமறேனா?”

நான் பதில் சொல்வதற்குள் நெஞ்சு டாக்டர் வந்தார். பின்னால் ஃபைலோடு ஒரு இளம் டாக்டர். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

“டி.பி.தான். ஸ்லைடுலயும் டி.பி. கிருமி ‘மிகச் சில’ன்னு வந்திருக்கு. நாளைக்குக் காலையில மருந்து ஆரம்பிச்சிடலாம். வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கீங்களாம்மா?”

“டாக்டர், நான் கதவுக் கைப்பிடியக்கூட சோப்பு போட்டுத் தொடைக்கிறவ.”

“அப்புறம் எப்படி வந்துது? மாஸ்க் போடாம கண்ட எடத்துக்கும் போயிருப்பீங்க.”

அக்கா பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். கவுண்டருக்கு முன்னால் வடிகால் போடுவதற்காக மூன்று மாதமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் திரும்பும் ஒவ்வொரு முறையும் மண் பறந்து டிக்கெட் கொடுக்கும் ஓட்டை வழியாக உள்ளே வரும். மாஸ்க்கோடு பேசினால் பயணிகளுக்குக் கேட்பதில்லை என்று மேலதிகாரி குறிப்பு எழுதியிருந்தார். என்ன வேலை பார்க்கிறாய் என்று அந்த டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள். அவளுக்கு வாய் உண்டு.

படி இறங்கும்போது அந்த மருந்தைப் பற்றித்தான் நினைத்தேன். டி.பி.க்கான மருந்துகளில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் சிவப்புக் காப்ஸ்யூல். அது கல்லீரலை முடுக்கிவிட்டு, சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையைச் சீக்கிரமாக எரித்துவிடும். அளவு பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் உடம்பு விழித்துக்கொண்டு அத்தானின் சிறுநீரகத்தைத் தின்னும். டி.பி. என்றால் வேறு வழியில்லை, துணிய வேண்டியதுதான். டி.பி. இல்லை என்றால்?

பார்த்து முடித்த ஸ்லைடுகளைப் பெட்டியில் ஒரு மாதம் வைத்திருப்போம். நாற்பத்தெட்டு சாப்பிடப் போயிருந்தார். அக்காவின் ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். விதியை மீறுகிறோம் என்ற நினைப்பே அப்போது வரவில்லை.

டி.பி. கிருமி நீலப் பின்னணியில் குட்டையான சிவப்புக் குச்சியாகத் தெரியும். இங்கே குச்சி இல்லை. நீளமான நூல் ஒன்று, பாதி சிவந்து பாதி வெளுத்து, அறுந்த மணிமாலைபோல் கிடந்தது. ஃபோகஸைத் திருகினேன். நூல் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்ததில் ஒன்று மறுபடி பிரிந்தது.

டி.பி. இப்படிக் கிளை விடாது.

மீதிச் சளி ஃபிரிட்ஜில் இருந்தது. புது ஸ்லைடு போட்டு, வலு குறைந்த அமிலத்தில் கழுவினேன். டி.பி. ஸ்லைடைக் கழுவும் அமிலம் கடுமையானது, இந்தக் கிருமியின் சாயத்தையும் பாதி உரித்துவிடும். இந்த முறை சாயம் நின்றது. பார்த்த இடமெல்லாம் சிவப்பு நூல், கிளை, கிளைக்குக் கிளை. நோகார்டியாவாகத்தான் இருக்க வேண்டும். மண்ணில் இருக்கும் கிருமி. அதற்கு மருந்து வேறு, சல்ஃபா. அக்கா முதல் ஒரு வருடம் தினமும் காப்புக்காகப் போட்டது; இரண்டு மாதம் முன்பு போதும் என்று டாக்டர் நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை.

நாற்பத்தெட்டு கை துடைத்துக்கொண்டே வந்தார்.

“மேடம், ஒரு நிமிஷம் இதைப் பாக்கறீங்களா?”

“யாரோட ஸ்லைடு?”

“என் அக்காவோடது.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “சொந்தக்காரங்க சாம்பிளைத் தொட்டியா நீ?”

“அதுல கிளை இருக்கு மேடம்.”

“அக்கான்னதும் கிளை, இலை, பூ எல்லாம் தெரியும். நான் பாத்தப்போ டி.பி.தான் இருந்துது.”

“டி.பி. கிளை விடாதே மேடம்.”

“ஓ. எனக்கே பாடம் எடுக்கறியா?” அவர் குனிந்து லென்ஸில் கண்ணை வைத்தார். மூன்று விநாடி இருக்கும். “நார். சளியோட வர்ற நார்.”

“பிளேட்டை இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருந்தா...”

“ஃபார்ம்ல என்ன எழுதியிருந்துது? காய்ச்சல். காய்ச்சலுக்கு ரெண்டு நாள். கிட்னி மாத்தின ஆளுன்னு நான் என்ன ஜோசியமா பாக்கறது?” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “இரு. உனக்குத் தெரியும்ல? டப்பாவைக் கொண்டுவந்து வெச்சதே நீதானே? அன்னிக்கு உன் வாயை யாரு தெச்சு வெச்சிருந்தாங்க?”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் அழுகைதான் வரும். பார்ப்பவர்கள் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். “போ, போய் மூஞ்சியக் கழுவு” என்றார்.

முகம் கழுவவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த சளியை மூன்று புதுத் தட்டுகளில் தடவினேன். மூடியின் மேல் கறுப்பு மார்க்கரில் எழுதினேன்: பதினான்கு நாள். தொடக் கூடாது.

அன்று மாலை சிறுநீரக டாக்டரைத் தேடிப் போனேன். வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். நெஞ்சு டாக்டர் கிளம்பிவிட்டிருந்தார். காலை மாத்திரைக்கு முன்னால் எப்படியும் இளம் டாக்டரைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு நான் வார்டுக்குள் நுழையும்போதே தள்ளுவண்டி அக்காவின் கட்டிலருகே நின்றது. நர்ஸ் காகிதக் கப்பை நீட்டினார். நான்கு மாத்திரை. ஒன்று சிவப்பு.

“வெறும் வயித்துல போடணும். தண்ணி இருக்காம்மா?”

“போடாத” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. நான் பேசினால் பெரும்பாலும் அப்படித்தான். அக்கா கப்பை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“போடாதங்கறேன்ல!”

வார்டே திரும்பியது. கப்பைப் பிடுங்கிய வேகத்தில் மாத்திரைகள் சிதறி, சிவப்புக் காப்ஸ்யூல் எதிர்க் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அங்கே படுத்திருந்த பெண் காலை மேலே இழுத்துக்கொண்டாள். நர்ஸ் இளம் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அக்கா வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள்.

“நீங்க யாரு?” என்றார் இளம் டாக்டர்.

“தங்கச்சி.”

“தங்கச்சின்னா பாக்கற நேரத்துல வாங்க.”

“லேப்லயும் இருக்கேன்.”

“உங்க லேப்தானே டி.பி.ன்னு ரிப்போர்ட் குடுத்துது?”

“அது தப்பு. கிளை கிளையா இருக்கு. நோகார்டியா மாதிரி இருக்கு. நான் பாத்தேன்.”

“நீங்க பாத்தீங்க. கையெழுத்து போட்டது யாரு? சரி, நிறுத்தறேன், நாளைக்கு டி.பி.தான்னு தெரிஞ்சா யார் பொறுப்பு?”

“தப்பான மருந்துல கிட்னி போச்சுன்னா யார் பொறுப்பு?” என் குரல் கிறீச்சிட்டது. கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கவில்லை.

அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்தார். எப்போதும் சிரிக்கிற முகம் சிரிக்கவில்லை. “டாக்டர் தம்பி, அது முப்பத்தொம்போது வருஷம் எங்கிட்ட இருந்த கிட்னி. அதனால நானும் கேக்கறேன். யார் பொறுப்பு?”

இளம் டாக்டர் ஃபோனை எடுத்தார். சிறுநீரக டாக்டர் மூன்றாவது முறைதான் எடுத்தார். ஸ்பீக்கரில் தூக்கம் கலையாத பெண் குரல்.

“கிளையைப் பாத்தது யாரு?”

“நான்தான் டாக்டர்.”

“எத்தனை எடத்துல?”

“பாத்த எடமெல்லாம். வலு குறைஞ்ச அமிலத்துல மறுபடியும் போட்டேன். சாயம் நின்னுது.”

பிறகு வந்த குரலில் தூக்கம் இல்லை. “அந்த ஸ்லைடை ஏன் முதல் நாளே போடல? பிளேட்டை எத்தனை நாள் வெச்சீங்க?”

“ரெண்டு நாள்.”

“ரெண்டா? ஃபார்ம்ல மாற்றுச் சிறுநீரகம்னு எழுதலையா? யாரு எழுதினது?”

இளம் டாக்டர் தரையைப் பார்த்தார். “அன்னிக்கு அட்மிஷன் ரொம்ப கூட்டம் மேடம்...”

நானும் தரையைத்தான் பார்த்தேன்.

“டி.பி. மருந்தை நிறுத்து. சல்ஃபா ஆரம்பி, ஊசி மருந்து ஒண்ணும் சொல்றேன், எழுதிக்க. கிரியேட்டினின் தினம் பாரு. தலைக்கு ஸ்கேன் எடு. இன்னிக்கே.”

“தலைக்கா?” என்றார் அத்தான். “அவளுக்கு நெஞ்சுலதானே?”

தலைக்கு ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நுரையீரலில் இடம் பிடித்த பிறகு அந்தக் கிருமி ரத்தத்தோடு போய் அடுத்துத் தேடும் இடம் மூளை.

ஸ்கேனில் இடது பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. மருந்திலேயே கரையக் கூடும், ஒரு வருடம் விடாமல் போட வேண்டும், இடையில் வலிப்பு வந்தால் பயப்படக் கூடாது என்று திங்கட்கிழமை வந்த சிறுநீரக டாக்டர் சொன்னார்.

“முதல் நாளே தெரிஞ்சிருந்தா இது வந்திருக்காதா?” என்று அத்தான் கேட்டார்.

“சொல்ல முடியாது. அப்பவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.”

அந்த ‘லாம்’ இரண்டும் என் மண்டைக்குள் சுற்றின. யாராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை தட்டில் முளைத்திருந்தது. சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெள்ளையாக, உலர்ந்து, தட்டோடு ஒட்டிக் கிடந்தது. தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தது. முகரவில்லை, மூடியைத் திறந்ததும் அதுவாக வந்தது. முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனை. கவிதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் பிடித்த வாசனை. எனக்குக் குமட்டியது.

ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து நாற்பத்தெட்டின் முன் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நார் என்று சொல்லவில்லை.

“மேல ‘மறு மாதிரி’ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடு.”

“மறு மாதிரி இல்ல மேடம். அதே சளி. போன திங்கட்கிழமை வந்தது.”

“எனக்குத் தெரியாதா? சேருன்னா சேரு. முதல்ல வந்த சாம்பிள் சரியில்லைன்னு ஆயிடும். எல்லாருக்கும் நல்லது. உனக்கும்தான்.”

எனக்கும்தான். அது உண்மை. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தால் அந்தத் திங்கட்கிழமையே இல்லாமல் போய்விடும். படிவம், பேனா, நான் திரும்பி நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். அக்கா சரியாக இருமித் துப்பவில்லை என்று மட்டும் இருக்கும். கடைசியில் தப்பு அவள் தலையில்.

“மாட்டேன் மேடம்.”

“என்ன சொன்ன?”

“சேர்க்க மாட்டேன். முதல் பிளேட்டை ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டோம்னும் எழுதப் போறேன். ஃபார்மைக் கொண்டுவந்து வெச்சது நான்தான்னும் எழுதப் போறேன்.”

“வேலை போயிடும்டி.”

“போகட்டும்.”

அவர் கையெழுத்துப் போடவில்லை. தாள் அவர் மேசையில் மதியம் வரை கிடந்தது. மூன்று மணிக்கு சிறுநீரக டாக்டரே இறங்கி வந்து, “என் நோயாளியோட ரிப்போர்ட் எங்கே?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அதன் பிறகுதான் பேனா திறந்தது. நான் சேர்த்த இரண்டு வரியும் அப்படியே போயின.

வேலை முடிந்து வார்டுக்குப் போனேன். நான்கு நாளாகச் சரியான மருந்து உள்ளே போகிறது. காய்ச்சல் இறங்கியிருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றிருந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து, எதிர்க் கட்டில் பெண்ணிடம் என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இவதான். அன்னிக்குக் கத்தினாளே, இவளேதான். எங்க வீட்டு வாயில்லாப் பூச்சி. பாத்தீங்கல்ல?” என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டாள். “என் உயிரையே காப்பாத்திட்டடீ.”

“அப்படிச் சொல்லாதக்கா.”

“ஏன்? சொன்னா என்ன?”

சொன்னேன். படிவத்தில் ஒரு சொல்தான் இருந்தது என்று. அந்தக் கட்டத்தைப் பார்த்தேன் என்று. எத்தனை நாள் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று. விதி இருந்தது, ஆனால் வாயால் சொல்ல விதி தடுக்கவில்லை, நாற்பத்தெட்டுக்குப் பயந்து திரும்பிவிட்டேன் என்று. மெதுவாகத்தான் சொன்னேன். அக்கா முன்னால் குனிந்து கேட்டாள்.

கேட்டு முடித்ததும் என் கையிலிருந்து அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“எழுத எவ்வளவு நேரம் ஆகும்?”

“என்ன?”

“அந்த ரெண்டு வார்த்தைய. எழுதவேண்டாம், சொல்ல. எவ்வளவு நேரம்?”

அவள் மணிக்கட்டுப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பேசு. இப்பவும் ஊமையா உக்காராத. நீ வாயைத் தெறக்கறதுக்கு என் மண்டைல கட்டி வரணுமா?” எதிர்க் கட்டில் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “சின்ன வயசுலேருந்து உனக்கும் சேர்த்து நான் பேசினேன். ஸ்கூல்ல, கடையில, பொண்ணு பாக்க வந்தவன்கிட்டகூட நான்தான் ‘அவளுக்குப் பிடிக்கல’ன்னு சொன்னேன். எனக்காக ஒரு தடவை. ஒரே ஒரு தடவை நீ பேசவேண்டியிருந்துது. அன்னிக்குத் திரும்பி நடந்துட்டே.”

“ஆமா.”

“அழாத. எரிச்சலா இருக்கு.”

“நான் பயந்து அழலக்கா. எனக்கும் என்மேல கோபம்தான்.”

“கோபப்படு. நல்லாப் படு. என் பங்கையும் சேத்துப் படு.” மூச்சு வாங்கியது. இருமினாள். தண்ணீரை நீட்டினேன். என் கையைத் தவிர்த்து டம்ளரின் அடியைப் பிடித்து வாங்கினாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். “அவருக்குத் தெரியுமா?”

“அத்தானுக்கா? தெரியாது. நீ வேணா...”

“நான் சொல்ல மாட்டேன். இனிமே உனக்காக நான் யார்கிட்டயும் பேசமாட்டேன். வயித்தைக் கிழிச்சுக் குடுத்தவர் அவரு. நீயே சொல்லு.”

கதவு திறந்தது. அத்தான் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். “என்ன பூச்சி, அழுதுட்டிருக்க? நம்ம ஆளு ஏதாவது சேட்டை பண்ணினானா?”

எழுந்து நின்றேன். “அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்னம்மா? கேக்கல.”

“சத்தமா சொல்லு” என்றாள் அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை.